துவரையைக் கொன்ற பூஞ்சை எது? சந்தேகத்துக்கு உள்ளான இரண்டில் ஒன்றை விடுவித்த டாக்டர்: எட்வின் பட்லரின் கதை

தர்மபுரி மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் கேழ்வரகு, சோளம், சாமை, நிலக்கடலைக்கு நடுவே துவரைச் சால் ஓடுவது புதிய காட்சி அல்ல. ஆடிப் பட்டத்தில் விதைத்தால், மழை முடிந்து பனி இறங்கும்போது பூவும் பிஞ்சுமாக நிற்கும். விவசாயி கணக்குப் போட ஆரம்பிக்கும் அந்த நேரம் பார்த்துத்தான் சில செடிகள் திடீரென்று தலை தொங்கும். மண்ணில் ஈரம் இருக்கும், இலையில் பூச்சி இருக்காது. நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே செடி காய்ந்துவிடும்.

இதற்குப் பெயர் வாடல் நோய். காரணம் ஒரு பூஞ்சை. அது செடியின் மேலே அல்ல, உள்ளே இருக்கிறது. வேர் வழியாக நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களுக்குள் வளர்ந்து, அந்தக் குழாய்களை அடைத்துவிடுகிறது. மண்ணில் ஈரம் இருந்தும் செடி தாகத்தில் சாகிறது.

இன்று இதை நான்கு வரியில் சொல்லிவிடலாம். 120 ஆண்டுகளுக்கு முன்பு சொல்ல முடியாது. செத்த செடிக்குள் ஒரு பூஞ்சை அல்ல, இரண்டு பூஞ்சைகள் இருந்தன. எது கொலையாளி, எது சும்மா வந்து உட்கார்ந்த விருந்தாளி என்று உலகத்தில் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அதைப் பிரித்துக் காட்டியவர், இந்தியாவில் வேலை பார்த்த ஓர் அயர்லாந்துக்காரர்: எட்வின் ஜான் பட்லர். இந்தியத் தாவர நோயியலின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் குறிப்பிடுவது இவரைத்தான்.

மருத்துவம் படித்தவர் செடிக்கு ஏன் வந்தார்?

பட்லர் பிறந்தது 1874 ஆகஸ்ட் 13 அன்று, அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில் உள்ள கில்கீ என்ற ஊரில். கார்க் நகரக் கல்லூரியில் மருத்துவம் படித்து 1898-ல் பட்டம் பெற்றார். ஆனால், ஸ்டெதஸ்கோப்போடு ஊரில் உட்காரவில்லை. அந்தக் கல்லூரியில் இயற்கை வரலாறு கற்பித்த மார்கஸ் ஹார்டோக் என்ற பேராசிரியர், தண்ணீரில் வாழும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களை ஆராய்ந்து வந்தார். அந்த ஆர்வம் மாணவரையும் தொற்றிக்கொண்டது. பட்லர் பிரான்ஸ், ஜெர்மனி என்று போய்த் தாவரவியல் ஆய்வகங்களில் பயின்றார்.

1901-ல் இந்திய அரசு அவரைப் பூக்காத தாவரங்களுக்கான வல்லுநராக நியமித்தது. அந்தக் காலத்தில் பூஞ்சையையும் தாவரக் கணக்கில்தான் வைத்திருந்தார்கள். கல்கத்தாவில் தொடங்கி, டேராடூனுக்கு மாறி, 1905-ல் பீகாரின் பூசா கிராமத்துக்கு வந்தார். அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த நன்கொடையில் அங்கே புதிதாக ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் உருவாகியிருந்தது. இன்று டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். 1934 பீகார் நிலநடுக்கத்தில் கட்டடம் சேதமான பிறகுதான் அது டெல்லிக்கு இடம்பெயர்ந்தது. டெல்லிக்குப் போன பிறகும் 'பூசா' என்ற பெயர் அதைவிட்டுப் போகவில்லை.

பூசாவில் பட்லரின் பதவிக்குப் பெயர் இம்பீரியல் மைக்காலஜிஸ்ட், அதாவது பேரரசின் பூஞ்சை வல்லுநர். பெயர் பெரிசு, வேலை அதைவிடப் பெரிசு. பஞ்சாப் கோதுமை முதல் சென்னை மாகாணத்துப் பனை வரை, எந்தப் பயிர் செத்தாலும் கேள்வி அவர் மேஜைக்குத்தான் வரும்.

ஒரு செடி, இரண்டு சந்தேக நபர்கள்

பூசாவுக்கு வந்த வேகத்தில் பட்லர் கையில் எடுத்தவற்றில் ஒன்று துவரை வாடல். 1906-ல் பீகாரில் இந்த நோயை அவர் பதிவு செய்தார். அப்போது உலக அளவில் ஒரு பெரிய பெயர் இந்த விஷயத்தில் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தது. அமெரிக்க வேளாண் துறையின் எர்வின் ஸ்மித், பருத்தி, தர்பூசணி, தட்டப்பயறு ஆகியவற்றின் வாடலை ஆராய்ந்து 1899-ல் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தார். நியோகாஸ்மோஸ்போரா என்ற பூஞ்சைதான் காரணம் என்பது அவர் முடிவு.

ஸ்மித் அப்படிச் சொன்னதற்கு நியாயம் இருந்தது. வாடிய செடியின் குழாய்களுக்குள் ஃபியூசேரியம் வகைப் பூஞ்சை தெரியும். செடி செத்த பிறகு, வேரின் மேல் குண்டூசித் தலை மாதிரி சிவப்பாகச் சின்னச் சின்ன உருண்டைகள் தோன்றும். அவை நியோகாஸ்மோஸ்போராவின் வித்துப் பைகள். ஒரே பூஞ்சை வாழ்க்கையின் இரண்டு கட்டங்களில் இரண்டு உருவம் எடுப்பது சகஜம். எனவே இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று ஸ்மித் எடுத்துக்கொண்டார்.

பூசாவிலும் செத்த துவரை வேர்களில் அதே சிவப்பு உருண்டைகள் கிடைத்தன. ஸ்மித் சொன்னது சரி என்று எழுதிவிட்டு பட்லர் அடுத்த நோயைப் பார்க்கப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

மருத்துவம் படித்தவருக்கு ஒரு விதி தெரியும். நோயாளி உடம்பில் ஒரு கிருமி இருக்கிறது என்பதாலேயே அதுதான் நோய்க்குக் காரணம் என்று ஆகிவிடாது. ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் வகுத்த முறைப்படி, அந்தக் கிருமியைத் தனியாகப் பிரிக்க வேண்டும். சுத்தமாக வளர்க்க வேண்டும். ஆரோக்கியமான உடம்பில் செலுத்த வேண்டும். அதே நோய் வர வேண்டும். அந்த உடம்பிலிருந்து அதே கிருமியைத் திரும்ப எடுக்க வேண்டும். இத்தனையும் நடந்தால்தான் வழக்கு நிரூபணம்.

பட்லர் இரண்டு பூஞ்சைகளையும் தனித்தனியே வளர்த்தார். ஆரோக்கியமான துவரைச் செடிகளுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். ஃபியூசேரியம் கொடுத்த செடிகள் வாடின. நியோகாஸ்மோஸ்போரா கொடுத்த செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது கொலையாளி அல்ல. செத்த வேரைத் தின்ன வரும் மட்குண்ணி. சாவு விழுந்த வீட்டுக்குப் பின்னால் வந்த ஆளை, கொலை செய்தவன் என்று பிடித்து வைத்திருந்தார்கள்.

1910-ல் இதை விரிவான ஆய்வு நூலாக வெளியிட்டார். உண்மையான நோய்க்காரணிக்கு ஃபியூசேரியம் உடம் என்று பெயர் வைத்தார். துவரை வாடல் பற்றிய ஆய்வுகளில் இன்றும் அந்தப் பெயரைப் பார்க்கலாம். அதே காலகட்டத்தில் அமெரிக்காவில் ஹிக்கின்ஸ் என்பவர் தட்டப்பயறில் செய்த சோதனைகளும், நியோகாஸ்மோஸ்போராவுக்கும் வாடலுக்கும் தொடர்பில்லை என்றே காட்டின.

இதனால் விவசாயிக்கு என்ன லாபம்?

ஆள் மாறினால் மருந்து மாறும். சிவப்பு உருண்டையைப் பார்த்துக் கட்டுப்படுத்தப் போனால், செடி செத்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும். உண்மையான பகைவன் வேருக்குள் நுழைவது செடி இளசாக இருக்கும்போது. வெளியே தெரிவது பூக்கும்போதோ காய்க்கும்போதோ. அறுவடைக்குப் பிறகு கட்டையில் தங்கி, மண்ணில் பல ஆண்டுகள் காத்திருக்கும். ஆகவே செடி மேல் மருந்து தெளிப்பது பெரிதாக உதவாது. நோய் வந்த கட்டைகளைப் பிடுங்கி அப்புறப்படுத்துவது, அதே நிலத்தில் தொடர்ந்து துவரை போடாமல் இருப்பது, நோயைத் தாங்கும் ரகத்தைத் தேடுவது ஆகியவைதான் வழி.

மூன்றாவது வழியில் பட்லர் அப்போதே இறங்கிவிட்டார். வாடல் தாக்கிய வயலிலும் சில செடிகள் தப்பி நிற்கும். அப்படிப்பட்ட செடிகளைத் தேர்ந்தெடுத்து நோய் தாங்கும் துவரையை உருவாக்குவது பற்றி 1908-லேயே எழுதினார். இன்று துவரையில் வாடல் எதிர்ப்பு ரகங்களை உருவாக்கும்போது, நோய் ஊறிப்போன நிலத்தில் செடிகளை வளர்த்து, எது பிழைக்கிறது என்று பார்க்கிறார்கள். அடிப்படை அதேதான்.

கரும்பும் பனையும் ஆமணக்கும்

பட்லர் கை வைத்த பயிர்களின் பட்டியல் தமிழ் வாசகர்களுக்கு அந்நியமானது அல்ல.

கரும்பில் செவ்வழுகல் நோய். 1890-களின் இறுதியில் சென்னை மாகாணத்தின் கோதாவரிப் பகுதியில் கரும்பை இது நாசம் செய்திருந்தது. 1906-ல் வங்காளக் கரும்பு நோய்கள் பற்றி எழுதிய பட்லர், விதைக் கரணை வழியாக நோய் பரவுவதை எடுத்துக் காட்டினார். வெளியே பார்த்தால் கரணை நல்லா இருக்கும். பிளந்தால் உள்ளே சிவப்பு. நோயை விவசாயியே காசு கொடுத்து வாங்கி நட்டுக்கொண்டிருந்தார். நோயில்லாத வயலிலிருந்து கரணை எடுங்கள் என்று இன்றும் பாலக்கோடு, அரூர் பக்கம் கரும்பு விவசாயிகளுக்குச் சொல்லப்படும் அறிவுரையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது பனை. கோதாவரி டெல்டாவில் பனையின் நடுக்குருத்து அழுகி மரங்கள் செத்துக்கொண்டிருந்தன. பனைக்குக் கிளை கிடையாது. குருத்து போனால் மரம் போச்சு. பட்லர் அதற்குக் காரணமான நுண்ணுயிரைக் கண்டறிந்து பெயரிட்டார். பனையைத் தாக்குவது என்ற பொருள் தரும் 'பால்மிவோரா' என்ற சொல் அதன் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தென்னை, கோகோ, ரப்பர் என்று பல பயிர்களுக்கு அது எதிரி என்பது பிற்பாடு தெரியவந்தது. அது உண்மையான பூஞ்சை இல்லை, தனி வகை உயிரி என்பது இன்றைய அறிவியல் சொல்லும் திருத்தம்.

வங்காளத்தில் நெல்லைத் தாக்கிய உஃப்ரா நோய் இன்னொரு கதை. பூஞ்சை வல்லுநர் என்பதால் எல்லாப் பழியையும் பூஞ்சை மேல் போடவில்லை பட்லர். 1913-ல் அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு என்று கண்டுபிடித்துச் சொன்னார்.

இந்த வேலையெல்லாம் தனி ஒருவர் செய்ததல்ல. பூசாவில் இந்திய உதவியாளர்கள் பயிற்சி பெற்றார்கள். அவர்களில் ஜஹாங்கிர் ஃபர்தூன்ஜி தஸ்தூர், ஆமணக்கு நாற்றுகளைக் கருகவைக்கும் நுண்ணுயிரை 1913-ல் தன் பெயரிலேயே வெளியிட்டார். அதுவும் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஒரு நோய்க்காரணியாக ஆனது. வெள்ளையர் ஆட்சியில் ஓர் இந்தியர் தன் பெயரில் அறிவியல் கண்டுபிடிப்பை வெளியிடுவது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை.

இந்தியப் பயிர் நோய்கள் பற்றி அதுவரை சேர்ந்த அறிவை பட்லர் 1918-ல் 500 பக்கங்களுக்கு மேல் ஒரே நூலாகத் தொகுத்தார். பூசாவில் அவர் தொடங்கிய பூஞ்சை மாதிரிகளின் சேகரிப்பு இன்றும் டெல்லியில் இருக்கிறது.

லண்டனுக்குப் போன பிறகு

1920-ல் பிரிட்டிஷ் அரசு, தன் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளின் பயிர் நோய்த் தகவல்களை ஒரே இடத்தில் சேர்க்க, லண்டன் அருகே கியூவில் ஒரு பூஞ்சையியல் மையம் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் பட்லர். எந்த நாட்டில் எந்தப் பயிருக்கு என்ன நோய் என்று திரட்டி வெளியிடும் சஞ்சிகை 1922-லிருந்து வந்தது. இன்டர்நெட் இல்லாத காலத்தில் பயிர் நோய்க்கு ஒரு 'சர்ச் என்ஜின்' என்று அதைச் சொல்லலாம். 1926-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

ஊரைவிட்டுப் போனாலும் இந்தியாவை விடவில்லை. கை பிஸ்பி என்பவருடன் சேர்ந்து 1931-ல் இந்தியப் பூஞ்சைகளின் முழுப் பட்டியலை வெளியிட்டார். 2,300-க்கும் மேற்பட்ட இனங்கள் அதில் இடம்பெற்றன. அதற்குப் பின் வந்த பட்டியல்களுக்கு அது அடித்தளம் ஆனது.

கடைசியில் பார்த்தது: உள்ளே இருக்கும் நண்பன்

பட்லரின் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத பகுதி இதுதான். செடிக்குள் நுழையும் பூஞ்சையை எதிரியாகவே பார்த்துப் பழகியவர், 1939-ல் எழுதிய ஒரு முக்கியமான கட்டுரையில் வேறு வகைப் பூஞ்சைகளைப் பற்றிப் பேசினார். அவையும் வேருக்குள்தான் வாழ்கின்றன. ஆனால் செடியைக் கொல்வதில்லை. வேர் எட்ட முடியாத தூரத்திலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குச் செடியிடமிருந்து சர்க்கரை வாங்கிக்கொள்கின்றன. இந்தப் பூஞ்சைகள் எங்கெல்லாம் இருக்கின்றன, வகைப்பாட்டில் எந்த இடத்தில் வைப்பது என்று பட்லர் அதில் ஆராய்ந்தார்.

உரக்கடைகளிலும் வேளாண் அலுவலகங்களிலும் 'வேம்' என்ற பெயரில் உயிர் உரம் கிடைக்கிறதே, அது இந்தப் பூஞ்சைதான். வெசிகுலர் ஆர்பஸ்குலர் மைக்கோரைசா என்ற நீளமான பெயரின் சுருக்கம் அது. 1939 கட்டுரையின் தலைப்பிலும் பட்லர் இந்தப் பெயரைத்தான் பயன்படுத்தியிருந்தார். நிலத்தில் வளரும் தாவரங்களில் பெரும்பாலானவற்றின் வேர்களில் இந்தக் கூட்டு வாழ்க்கை இருப்பது இப்போது தெரிந்த விஷயம்.

அதே 1939-ல் பட்லருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1943 ஏப்ரல் 4 அன்று, 68 வயதில் இறந்தார். அவர் எழுதி வைத்திருந்த தாவர நோயியல் நூலை ஜோன்ஸ் என்பவர் முடித்து 1949-ல் வெளியிட்டார்.

பட்லருக்குப் பிறகு அறிவியல் எங்கே வந்து நிற்கிறது?

தாவரத்துக்குள் வாழும் உயிர்களுக்கு எண்டோபைட் என்ற சொல்லை ஜெர்மன் அறிஞர் ஆன்டன் டி பாரி 1866-லேயே பயன்படுத்தினார். இன்று இந்தச் சொல், நோய்க்குறி எதுவும் காட்டாமல் செடிக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்களைக் குறிக்கிறது. தமிழில் அகவாழ் பூஞ்சை என்று சொல்லலாம். ஆரோக்கியமான இலையை எடுத்து, மேற்பரப்பைச் சுத்தம் செய்து, துண்டாக்கி வளர்ப்புத் தட்டில் வைத்தால், உள்ளேயிருந்து பூஞ்சை வளர்ந்து வெளியே வரும். சென்னையில் உள்ள விவேகானந்தா வெப்பமண்டலப் பூஞ்சையியல் நிறுவனம் உட்படப் பல ஆய்வகங்கள் நம் காட்டு மரங்களில் இதைத்தான் தேடிப் பார்த்திருக்கின்றன.

இந்தக் குடியிருப்பாளர்களில் சிலர் காவல்காரர்கள். மூன்று வழிகளில் நோயைத் தடுக்கின்றன. முதலாவது, இடத்தையும் உணவையும் முன்கூட்டியே பிடித்துக்கொள்வது. இரண்டாவது, எதிரிப் பூஞ்சையை நேரடியாகத் தாக்குவது அல்லது அதற்கு ஒவ்வாத வேதிப்பொருளைச் சுரப்பது. மூன்றாவது, செடியின் தற்காப்பை முன்னதாகவே உசுப்பிவிடுவது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வாடல் நோய் தரும் ஃபியூசேரியம் குடும்பத்திலேயே காவல்காரர்களும் உண்டு. பிரான்சின் ஷாத்தோரெனார் என்ற இடத்தில், வாடல் பூஞ்சை இருந்தும் பயிர் வாடாத ஒரு மண்ணைக் கண்டார்கள். அந்த மண்ணிலிருந்து பிரித்தெடுத்த, நோய் தராத ஒரு ஃபியூசேரியம், தக்காளி வேரில் குடியேறி வாடலைக் குறைக்கிறது. அண்ணன் கொள்ளைக்காரன், தம்பி போலீஸ் கதைதான். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். செடிக்குக் கொடுத்துப் பார்த்தால்தான் யார் யாரென்று தெரியும். பட்லர் துவரையில் பயன்படுத்திய அதே சோதனை!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இன்று அமைதியாக உள்ளே இருக்கும் பூஞ்சை, வறட்சியிலோ முதுமையிலோ செடி தளரும்போது நோயாக மாறலாம். ஒரு பயிருக்கு நண்பனாக இருப்பது அடுத்த பயிருக்குப் பகையாகவும் இருக்கலாம். எனவே, நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்று நிரந்தரமாக முத்திரை குத்த முடியாது.

தர்மபுரி வயலில் இதன் பொருள் என்ன?

துவரை விதைக்கும் முன் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதை நேர்த்தி செய்யத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான். வேரைச் சுற்றியும், சில வகைகள் வேரின் மேலடுக்குகளுக்கு உள்ளேயும் குடியேறி, வாடல் பூஞ்சையை எதிர்க்கின்றன. அது உயிருள்ள பொருள் என்பதால், பூஞ்சைக்கொல்லி மருந்தோடு ஒன்றாகக் கலந்தால் அதுவும் செத்துவிடலாம். பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டியதும் அதனால்தான்.

சோளத்துக்கு நடுவே துவரை போட்டால், தனித் துவரையைவிட வாடல் குறைவதை ஹைதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊடுபயிராகத் துவரை விதைக்கும் மானாவாரி விவசாயிகளின் பழக்கத்துக்கு இது கூடுதல் பலம்.

வயலில் வாடிய செடியைப் பார்த்தால், பிடுங்கி எறிவதற்கு முன் தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். அடித்தண்டின் மேல் ஊதா நிறப் பட்டை ஏறியிருந்து, உள்ளே கரும்பழுப்புக் கோடுகள் ஓடினால், ஃபியூசேரியமாக இருக்க வாய்ப்பு அதிகம். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ அருகில் உள்ள வேளாண் அலுவலகத்திலோ செடியை வேரோடு கொண்டுபோய்க் காட்டி உறுதி செய்துகொள்ளலாம். கடையில் போய் ஏதாவது மருந்து கொடுங்க என்று கேட்பதைவிட இது செலவு குறைவு. எது கொன்றது என்று தெரியாமல் அடிக்கும் மருந்து, உள்ளே இருக்கும் காவல்காரனையும் சேர்த்துக் கொல்லக்கூடும்.